கார் என்ஜினில் கம்ப்ரஷன் குறைவு: சோதனை அளவுகளைப் படித்தறியும் முறை

(உழவர் பயிற்சி வகுப்பில் பண்ணைக் கருவிகள் பராமரிப்புப் பற்றி நிகழ்த்திய உரை)



இப்பயிற்சியில் ஆயில் என்ஜின், மின் மோட்டார், விசைத்தெளிப்பான் ஆகியவற்றின் பராமரிப்புப் பற்றி அறிந்துகொண்டீர்கள். இன்று நம்மில் பலருடைய வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். காய்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், இரவில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் உதவும் வண்டி அது. எடுத்துக்காட்டாக, 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் என்ஜின் பொருத்திய அம்பாசடர் காரையே எடுத்துக்கொள்வோம். அம்பாசடர் உற்பத்தி 2014ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. ஆகவே, இருக்கும் என்ஜினை வீணாக்காமல் காப்பாற்றுவது முன்னைவிட இன்று அவசியமாகிறது.

வண்டியின் இழுவை குறைகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. பெட்ரோல் அதிகம் குடிக்கிறது. பட்டறைக்குக் கொண்டு போனால், "கம்ப்ரஷன் போய்விட்டது; என்ஜினை இறக்கி ரீபோர் செய்ய வேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். ரீபோர் என்பது பெருஞ்செலவு. ஒரு போகத்து வருமானத்தில் பெரும்பகுதி அதில் போய்விடும். அதே கம்ப்ரஷன் குறைவு, ஒரு வால்வின் இடைவெளியைச் சரிசெய்தாலே தீர்ந்துவிடக்கூடியதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை என்ஜினைப் பிரிக்காமலேயே பெரும்பாலும் கண்டுகொள்ள முடியும். அதற்கு வழிசெய்வதுதான் கம்ப்ரஷன் சோதனை. அதில் கிடைக்கும் எண்களை எப்படிப் புரிந்துகொள்வது என்பதே இன்றைய பேச்சு.

கம்ப்ரஷன் என்பது என்ன?

என்ஜினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அக்கலவையை நெருக்கி அமுக்குகிறது. அமுக்கப்பட்ட கலவை ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அமுக்கம் நன்றாக இருந்தால்தான் எரிதலில் வலு இருக்கும். இந்த அமுக்கத்தைத்தான் கம்ப்ரஷன் என்கிறோம்.

அமுக்கிய காற்று மூன்று வழிகளில் கசியலாம். ஒன்று, பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே கீழ்நோக்கி. இரண்டு, சரியாக உட்காராத வால்வின் வழியே. மூன்று, என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள காஸ்கெட் வழியே.

சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்து தேய்ந்துவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் கிணற்றில் உள்ள புட்வால்வில் கல் சிக்கிக்கொண்டால் பம்பில் எவ்வளவு எண்ணெய் விட்டாலும் தண்ணீர் நிற்காது. ரிங் தேய்வுக்கும் வால்வுக் கசிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். நாம் செய்யப்போகும் சோதனை முழுவதும் இந்த ஒரு உண்மையை அடிப்படையாகக் கொண்டது.

சோதனை செய்யும் முறை

தவறாகச் செய்த சோதனை நல்ல என்ஜினையும் கெட்டதாகக் காட்டும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. என்ஜினைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த என்ஜினில் அளவு குறைவாகக் காட்டலாம்.

2. பாட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் எல்லா அளவும் குறைந்தே வரும்.

3. வண்டியை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட வேண்டும். பிளக் ஒயர்களுக்கு வரிசை எண் குறித்துக்கொண்டு, நான்கு பிளக்குகளையும் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்தால் சுழற்சி வேகம் சரியாக அமையாது.

4. காயிலுக்கு வரும் மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பிளக் துவாரங்களிலிருந்து பெட்ரோல் ஆவி வெளிவரும். ஆகையால் பொறியோ, பீடி நெருப்போ அருகில் இருக்கக்கூடாது.

5. சோக் கம்பியை உள்ளே தள்ளிவிட்டு, ஒருவர் ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்திப் பிடிக்க வேண்டும். பலர் தவறவிடும் படி இதுவே. கார்புரேட்டர் மூடியிருந்தால் உள்ளே காற்று போகாது. காற்று போகாத சிலிண்டரில் கம்ப்ரஷன் எப்படி வரும்?

6. கேஜைப் பிளக் துவாரத்தில் பொருத்தி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சம எண்ணிக்கையில், அதாவது ஐந்து அல்லது ஆறு அமுக்கம் வரும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். கையால் அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை கேஜைவிட, மரையிட்டு முறுக்கும் கேஜ் நம்பகமானது.

7. முதல் அமுக்கத்தில் முள் எவ்வளவு ஏறியது, இறுதியில் எங்கு நின்றது என்ற இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான கேஜ்களில் அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று இருக்கும். சில கேஜ்களில் சதுர சென்டிமீட்டருக்குக் கிலோகிராம் என்று இருக்கும். 100 பவுண்டு என்பது ஏறக்குறைய 7 கிலோகிராமுக்குச் சமம்.

எண்ணெய் விட்டுச் சோதித்தல்

நான்கு சிலிண்டரையும் இவ்வாறு உலர்ந்த நிலையில் சோதித்த பிறகு, அளவு குறைந்த சிலிண்டரில் பிளக் துவாரம் வழியே ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயில் விட்டு, செல்ஃபை ஓரிரு சுற்று சுற்றி எண்ணெயைப் பரவவிட்டு, மீண்டும் சோதிக்க வேண்டும். எண்ணெய் ரிங்குகளைச் சுற்றிப் படிந்து தற்காலிகமாக அடைப்பை ஏற்படுத்தும். அளவு நன்றாக ஏறினால் கசிவு ரிங்கிலோ சிலிண்டர் சுவரிலோ உள்ளது. ஏறாமல் அப்படியே நின்றால் கசிவு வால்விலோ காஸ்கெட்டிலோ உள்ளது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றக்கூடாது. அதிகமாக ஊற்றினால் இடம் அடைபட்டு, எந்தச் சிலிண்டராயினும் அளவு கூடுதலாகக் காட்டிவிடும்.

எண்களைப் படிப்பது எப்படி?

அமுக்க விகிதம் குறைவான பழைய பெட்ரோல் என்ஜின்களில் 120 பவுண்டை ஒட்டி அளவு வந்தால் நல்ல நிலை எனக் கொள்ளலாம். அமுக்க விகிதம் கூடிய பிற்கால வண்டிகளில் 170 பவுண்டுக்கு மேலும் வரலாம். உங்கள் வண்டிக்கு உரிய அளவை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்வதே சரி. ஆனால் தனி எண்ணைவிட நான்கு எண்களுக்கும் உள்ள வேறுபாடே முக்கியம். மிகக் குறைந்த அளவு, மிகக் கூடிய அளவில் முக்கால் பங்குக்குக் குறையக்கூடாது என்பது பட்டறைகளில் பொதுவாகக் கையாளும் விதி. கூடியது 120 என்றால் குறைந்தது 90-க்குக் கீழே போகக்கூடாது.

புரிந்துகொள்வதற்காக ஐந்து மாதிரிக் கணக்குகளைப் பார்ப்போம். எண்கள் முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக உள்ளன.

முதல் கணக்கு: 122, 118, 120, 116. இந்த என்ஜினில் கம்ப்ரஷன் குறை இல்லை. வண்டி இழுக்கவில்லை என்றால் பிளக், பாயிண்ட், கார்புரேட்டர், பெட்ரோல் பம்பு, கிளட்ச், சிக்கிய பிரேக் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இந்நிலையில் என்ஜினைப் பிரிப்பது வீண்.

இரண்டாவது கணக்கு: 88, 84, 86, 82. எண்ணெய் விட்ட பின் 118, 112, 115, 110. எல்லாம் ஒரே சீராகக் குறைந்து, எண்ணெய் விட்டதும் ஏறியுள்ளன. முதல் அமுக்கத்தில் முள் கொஞ்சமே ஏறி, அடுத்தடுத்த அமுக்கத்தில் படிப்படியாக உயர்ந்திருக்கும். இது ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்ததன் அடையாளம். சைலன்சரில் நீலப்புகையும், ஆயில் மூடியைத் திறந்தால் அங்கிருந்து விட்டுவிட்டுப் புகையும் வந்தால் ஐயமில்லை. இங்கு மெக்கானிக் சொல்வது சரியே.

மூன்றாவது கணக்கு: 120, 118, 55, 116. எண்ணெய் விட்ட பின் மூன்றாவதில் 60. ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்து, எண்ணெய்க்கும் அசையவில்லை. மூன்றாவது சிலிண்டரின் வால்வு ஒன்று உட்காரவில்லை. இதற்கு ரீபோர் வேண்டியதே இல்லை. முதலில் வால்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். அதில் தீராவிட்டால் ஹெட்டைக் கழற்றி வால்வு கிரைண்டிங் செய்தால் போதும்.

நான்காவது கணக்கு: 118, 50, 52, 116. எண்ணெய் விட்டும் மாற்றமில்லை. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒன்றுபோலக் குறைந்திருந்தால், அவற்றுக்கு இடையே காஸ்கெட் எரிந்து, ஒன்றின் காற்று மற்றொன்றுக்குப் போகிறது என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் அம்பாசடரின் இந்த என்ஜினில் 2, 3 ஆம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கத்துப் பக்கத்தில் அமைந்து, ஒரே வழியாகப் புகையை வெளியேற்றுகின்றன. அவை இரண்டும் சூட்டில் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே இங்கும் வால்வு இடைவெளியைப் பார்த்துவிட்டே ஹெட்டில் கை வைக்க வேண்டும்.

ஐந்தாவது கணக்கு: 120, 0, 118, 117. ஒரு சிலிண்டரில் முள்ளே அசையவில்லை. எரிந்து ஓட்டை விழுந்த வால்வு, ஓட்டையான பிஸ்டன், அல்லது புஷ்ராடு நழுவி வால்வு திறக்காமை ஆகியவற்றில் ஒன்று காரணமாகலாம். ராக்கர் மூடியைத் திறந்து, என்ஜினைச் சுற்றி, எல்லா வால்வுகளும் அசைகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை.

எல்லாமே குறைந்தால் அவசரப்படாதீர்கள்

நான்கும் சீராகக் குறைந்திருந்தால் உடனே தேய்வு என்று முடிவுகட்டக்கூடாது. சோதனையிலேயே தவறு இருந்தாலும் நான்கும் சீராகத்தான் குறையும். ஆக்சிலரேட்டர் அழுத்தப்படவில்லை, பாட்டரி தளர்ந்துள்ளது, கேஜ் கசிகிறது என்பனவற்றை முதலில் விலக்க வேண்டும். அண்மையில் டைமிங் செயினைக் கழற்றி மாட்டியிருந்தால், ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் எல்லாம் குறையும். இதை எண்ணெய் விட்டுத் தீர்க்க முடியாது. டைமிங் குறிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இடத்தின் உயரத்தையும் மறக்கக்கூடாது. உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். கடல் மட்டத்திலிருந்து 2200 மீட்டருக்கும் மேலே உள்ள உதகையில், காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேட்டுப்பாளையத்தில் 130 காட்டும் அதே என்ஜின் உதகையில் 100-ஐ ஒட்டியே காட்டும். அது என்ஜினின் குறை ஆகாது. மலைப்பகுதி உழவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பல மாதங்கள் ஓடாமல் நின்ற வண்டியும் ஏமாற்றும். ரிங்குகள் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வால்வு முகத்தில் துரு படிந்திருக்கும். சிலிண்டர் சுவரில் எண்ணெய் வடிந்துபோயிருக்கும். சோக் போட்டுப் பலமுறை ஸ்டார்ட் செய்ய முயன்றிருந்தால் பெட்ரோல் அந்த எண்ணெயைக் கழுவிவிட்டிருக்கும். இத்தகைய வண்டியில் ஆயிலைப் புதிதாக மாற்றி, சில நாள்கள் அளவாக ஓட்டிவிட்டு மீண்டும் சோதிக்க வேண்டும். ரிங் இளகினாலே அளவு ஏறிவிடுவதுண்டு.

வால்வு இடைவெளியைப் பாருங்கள்

வால்வின் தண்டுக்கும் ராக்கருக்கும் இடையே மெல்லிய இடைவெளி இருக்க வேண்டும். நாளடைவில் வால்வு தன் இருக்கையில் அமிழ்வதால் அந்த இடைவெளி குறைந்து, இல்லாமலே போய்விடும். அப்போது வால்வு முழுவதும் மூடாது. எக்ஸாஸ்ட் வால்வாக இருந்தால், சூடான புகை அந்தச் சந்தில் பீறிட்டு வால்வையே எரித்துவிடும். காலத்தில் சரிசெய்தால் ஒரு ஃபீலர் கேஜும் ஸ்பானரும் ஸ்குரூ டிரைவரும் போதும். காலந்தாழ்த்தினால் வால்வே போய்விடும்.

இந்த என்ஜினில் எட்டு வால்வுகள் ஒரே வரிசையில் உள்ளன. சரிசெய்ய ஒன்பது கணக்கு என்ற எளிய வழி உண்டு. எந்த வால்வைச் சரிசெய்கிறோமோ அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். கிடைக்கும் எண்ணுள்ள வால்வு முழுவதும் அழுந்தித் திறந்திருக்கும் நிலையில் நாம் சரிசெய்ய வேண்டிய வால்வு மூடியிருக்கும். 8ஆவது திறந்திருக்கும்போது 1. 6ஆவது திறந்திருக்கும்போது 3. 4ஆவது திறந்திருக்கும்போது 5 என்று பார்த்துக்கொள்ளலாம். இடைவெளி அளவும், அதைச் சூட்டில் பார்ப்பதா குளிர்ச்சியில் பார்ப்பதா என்பதும் வண்டியின் கையேட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். சரிசெய்த பின் மீண்டும் கம்ப்ரஷன் சோதனை செய்யுங்கள்.

கசிவு எங்கே என்று காது சொல்லும்

இன்னும் ஐயம் இருந்தால் மற்றொரு வழி உண்டு. குறைந்த சிலிண்டரில் இரு வால்வுகளும் மூடி, பிஸ்டன் உச்சியில் நிற்கும்படி செய்து, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து பிளக் துவாரத்தில் காற்றைச் செலுத்தலாம். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு; சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு; ஆயில் மூடியில் சீறினால் ரிங்; ரேடியேட்டர் நீரில் குமிழி வந்தால் காஸ்கெட் அல்லது ஹெட்டில் வெடிப்பு. காற்றின் வேகத்தில் என்ஜின் சட்டென்று சுற்றக்கூடும். ஆகவே ஸ்டார்ட்டிங் ஹாண்டிலை மாட்டியபடி விடக்கூடாது. பேன் பக்கமும் கை போகக்கூடாது. சூடான ரேடியேட்டரைத் திறக்கவும் கூடாது.

டீசல் என்ஜினுக்கு ஓர் எச்சரிக்கை

இதே கேஜைக் கொண்டு டிராக்டரையோ டீசல் ஆயில் என்ஜினையோ சோதிக்க முயலாதீர்கள். டீசல் என்ஜினில் அமுக்கம் பன்மடங்கு அதிகம். பெட்ரோல் கேஜ் அதைத் தாங்காது. சிலிண்டரில் எண்ணெய் விட்டுச் சோதிப்பதும் அங்கு ஆபத்தானது. அந்தச் சூட்டில் எண்ணெயே தீப்பற்றக்கூடும். அதற்கென உள்ள கேஜுடன் பயிற்சி பெற்றவரே செய்ய வேண்டும்.

ரீபோர் ஏன் கடைசி வழி?

ரீபோர் செய்யும்போது சிலிண்டரைச் சிறிது கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் போடுகிறார்கள். இவ்வாறு சில முறைதான் கடைய முடியும். அதன் பிறகு சிலிண்டரில் ஸ்லீவ் இறக்க வேண்டும். ஆகவே வேண்டாத ரீபோரால் பணம் மட்டும் போவதில்லை. என்ஜின் பிளாக்கின் ஆயுளில் ஒரு பகுதியும் போய்விடுகிறது. குறை வால்வில் இருக்க, ரீபோர் செய்து அதே ஹெட்டை மாட்டினால் செலவழித்தும் இழுவை வராது.

மறுபுறம், இரண்டாவது கணக்கில் கண்டதுபோல உண்மையாகவே தேய்ந்த என்ஜினில் வால்வு வேலை மட்டும் செய்து தள்ளிப்போடுவதும் சிக்கனமன்று. ஆயில் குடித்துக் குடித்து, பிளக் கரிபிடித்து, நடுவழியில் நிற்கும்.

தேய்வுக்கு முதற்காரணம் புழுதி. வண்டிப்பாதையில் ஓடும் நம் கார்களில் ஏர் கிளீனரை அடிக்கடி கவனிக்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி வகை ஏர் கிளீனரானால் சேறு படிந்த எண்ணெயை மாற்றுங்கள். ஆயிலையும் உரிய காலத்தில் மாற்றுங்கள்.

பழைய கார் வாங்குவோருக்கு

வாங்கும் முன் உங்கள் கண்முன்னே கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டரில் முன்கூட்டியே எண்ணெய் விட்டு வைத்தாலோ, மிகக் கெட்டியான ஆயில் ஊற்றினாலோ அளவு ஏற்றமாகக் காட்டும். ஆகவே வண்டியைச் சில கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கி, புகையையும் பார்த்துவிட்டு, அதன் பிறகே சோதிக்க வேண்டும்.

முடிவாக, உழவர் பெருமக்களே, மண் பரிசோதனை அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவைப் பார்த்துவிட்டு உரமிடுவதுபோல, நான்கு எண்களைப் பார்த்துவிட்டு என்ஜின் வேலைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். "கம்ப்ரஷன் இல்லை" என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சிலிண்டரில்? எவ்வளவு? எண்ணெய் விட்ட பின் எவ்வளவு? நல்ல மெக்கானிக் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். நோட்டில் எழுதியே தருவார். அந்த நோட்டைப் பத்திரமாக வைத்து, ஆண்டுக்கொரு முறை சோதித்து, பழைய எண்ணோடு புதிய எண்ணை ஒப்பிட்டு வாருங்கள். எந்தச் சிலிண்டர் சரிந்து வருகிறது என்பது, வண்டி வழியில் நிற்பதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இம்முறைகளைக் கையாண்டு, வீண்செலவைத் தவிர்த்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.